வுட்விண்ட் கருவிகள்: தேர்வில் மதிப்பெண் நழுவும் இடங்கள்

"வுட்விண்ட் என்றால் மரத்தால் செய்தவை" என்று விடையைத் தொடங்காதீர்கள். சாக்ஸபோன் பித்தளை, மேற்கத்தியப் புல்லாங்குழல் பெரும்பாலும் உலோகம். இரண்டும் இந்தக் குடும்பம்தான். காற்றை அதிரவைப்பது எது என்று எழுதுங்கள். புல்லாங்குழலில் ஊதுதுளையின் விளிம்பில் காற்று மோதி, உள்ளேயும் வெளியேயும் மாறி மாறிப் பாய்கிறது. கிளாரினெட், சாக்ஸபோனில் ஒற்றை ரீடு (ஊதும்போது அதிரும் மெல்லிய தகடு). ஓபோ, நாகசுரத்தில் இரட்டை ரீடு. உதடே அதிர்ந்தால் அது டிரம்பெட் வகை.

அதிகம் பேர் சறுக்குவது குழாயின் முனையில். கிளாரினெட்டை வாயால் ஊதுவதால் அந்த முனை திறந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். ரீடுக்கும் ஊதுவாய்க்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவே. அங்கே அழுத்த மாறுபாடு பெருமம், இடப்பெயர்ச்சி சிறுமம். ஆகவே அது கணு, மூடிய முனை. புல்லாங்குழலின் ஊதுதுளையோ வெளிக்காற்றுக்குத் திறந்தே இருக்கிறது. பக்கத்தில் தக்கை அடைத்திருப்பதைப் பார்த்து 'மூடியது' என்று எழுத வேண்டாம்.

இரண்டுக்கும் பயனுறு நீளம் 66 செ.மீ., ஒலியின் வேகம் 343 மீ/வி என்று வைத்துக்கொள்ளுங்கள். புல்லாங்குழலுக்கு v/2L, சுமார் 260 ஹெர்ட்ஸ். கிளாரினெட்டுக்கு v/4L, சுமார் 130. நீளம் ஒன்றுதான், சுரம் ஒரு ஸ்தாயி கீழே! மூடிய உருளைக் குழாயில் ஒற்றைப்படைச் சீரிசைகளே (அடிப்படை அதிர்வெண்ணின் 1, 3, 5... மடங்குகள்) வலுவாக எழும் என்பதால், பதிவுச் சாவியை (மேல் சுரங்களுக்கு மாற்றும் விசை) அழுத்தினால் கிளாரினெட் இரண்டு மடங்குக்குத் தாவாது, மூன்று மடங்குக்குத் தாவும்.

"சாக்ஸபோனும் ரீடு கருவிதானே, அப்படியானால் அதுவும் மூன்று மடங்குக்குத் தாவுமா?" என்பது தேர்வாளருக்குப் பிடித்த துணைக்கேள்வி. அதன் உட்குழாய் கூம்பு வடிவம். கூம்பின் கூர்முனை மூடியிருந்தாலும் எல்லாச் சீரிசைகளும் கிடைக்கும். அதனால் அது ஸ்தாயிக்கே தாவும். ஓபோவும் அப்படித்தான். முனையையும் உட்குழாயின் வடிவத்தையும் சேர்த்துப் பார்க்காமல் சூத்திரத்தைத் தொடாதீர்கள்.

வெப்பநிலைக் கணக்கில் குழாய் விரிவடைவதால் சுருதி குறையும் என்பார்கள். அந்த விரிவு மிகச் சிறியது. ஒலியின் வேகம் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.6 மீ/வி கூடுகிறது. 10 டிகிரி ஏறினால் 260 ஹெர்ட்ஸ் 264ஐத் தாண்டும். சுருதி ஏறும்.

இதெல்லாம் மனதில் நிற்க ஒரு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் போதும். ஒரு முனையை 2 செ.மீ. நீளத்துக்கு நன்றாகத் தட்டையாக்கி, இருபுறமும் சாய்வாக வெட்டுங்கள். இரட்டை ரீடு தயார். வெட்டிய பகுதிக்குச் சற்றுப் பின்னால் உதட்டை வைத்து அழுத்தி ஊதுங்கள். நுனியிலேயே உதடு இருந்தால் நாக்குகள் அதிராமல் வெறும் காற்றுதான் வரும். தடித்த குழலானால் இன்னும் மெலிதாக நசுக்க வேண்டும். ஊதிக்கொண்டே மறுமுனையைச் சிறிது சிறிதாக நறுக்குங்கள்; ஒவ்வொரு வெட்டுக்கும் சுருதி ஏறுவது காதிலேயே கேட்கும்.