தரங்கம்பாடி வண்டியின் ஊதல்

18-12-2025, வியாழன்

பழைய கரி வண்டிகளின் ஊதல் எப்படி இருந்தது என்று குறித்து வைக்க, ஆக்கூரில் வயதானவர்கள் சிலரிடம் பேசினேன். மயிலாடுதுறை – தரங்கம்பாடி கிளைப்பாதையை 1986-இல் மூடினார்கள். "என்ன என்ஜின்?" என்று கேட்டால் "கரி வண்டி" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. "எங்கே நின்னு கேட்டீங்க?" என்றால் மடை திறக்கிறது. ஓர் அம்மா வாயாலேயே ஊதிக் காட்டினார். முதலில் வாய் கொப்பளிப்பது மாதிரி ஒரு கரகரப்பு, அப்புறம் மேலே ஏறி நிற்கும் நீண்ட ஒற்றைச் சுரம். அந்தக் கரகரப்பையும் அவர் விடாமல் சேர்த்தது என்னைச் சிலிர்க்க வைத்தது. விசில் ஆறிக் கிடந்தால் முதலில் வரும் நீராவி உள்ளேயே தண்ணீராகிவிடும். அதைத் துப்பித் தள்ளி, உலோகம் சூடேறிய பிறகே சுரம் நிலைக்கும். இத்தனை வருடம் கழித்தும் அவர் காதில் அது அப்படியே இருக்கிறது!

20-12-2025, சனி

கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற பயர்மேன் ஒருவர். பயணிகள் வண்டியை இழுக்கும் ஒய்.பி., கூட்ஸை இழுக்கும் ஒய்.ஜி. என்ற இரண்டு வகை நீராவி என்ஜினிலும் கரி அள்ளிப் போட்டவர். விசிலில் மெல்லிய வளைய இடுக்கு வழியாகச் சீறும் நீராவி, மேலே கவிழ்ந்திருக்கும் மணியின் விளிம்பில் மோதும். மணி நீளமானால் சுரம் தாழும், அழுத்தம் கூடினால் சற்று ஏறும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஒரே என்ஜினைக் குடுங்க தம்பி, ரெண்டு டிரைவர் ஊதினா ரெண்டு விதமா இருக்கும்" என்றார். கேட் வருவதற்கு முன் நீளமாக ஊத வேண்டும். கார்டு பிரேக் போட வேண்டுமானால் சின்னச் சின்னதாக மூன்று ஊதல். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் பிடியை மெல்லத் திறப்பவர், சட்டென்று இழுப்பவர், முடிக்கும்போது ஒரு இழுப்பு இழுப்பவர் என்று கை ஆளுக்கு ஆள் மாறும். ஊதலைக் கேட்டு ஊர்க்காரர்கள் அடையாளம் கண்டது அந்தக் கையைத்தான் என்று நம்புகிறேன்.

21-12-2025, ஞாயிறு

உறவினர் வீட்டுக் கல்யாண கேசட். நாகஸ்வரத்துக்குப் பின்னால் ஒரு கரி வண்டி ஊதிப் போகிறது. சுரத்தை அப்படியே குறித்துக்கொள்ள முடியாது. டேப் ஆறு சதவீதம் வேகமாக ஓடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். நல்லவேளையாக அதில் வாசிப்பது பாரி நாகஸ்வரம், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் நீளமான வகை. வழக்கமாக இரண்டு, இரண்டரைக் கட்டையில் இருக்கும். கேசட்டில் மூன்றில் கேட்கிறது. அரைக் கட்டையாவது இறக்கித்தான் இந்த ஊதலை எழுத வேண்டும்.

26-12-2025, வெள்ளி

"மார்கழியில வண்டி கொல்லைப்புறத்துல வர்ற மாதிரி கேட்கும்" என்று பலரும் சொல்கிறார்கள். மிகையில்லை. விடிகாலையில் வயலை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே இருப்பது வெதுவெதுப்பாகவும் இருந்தால், மேலே போகும் சத்தம் வளைந்து தரைக்கே திரும்பும். அதனால் குறிப்பேட்டில் மாதம், நேரம் இரண்டுக்கும் தனிக் கட்டம் போட்டுவிட்டேன். ஆக்கூர் அம்மாவிடம் அதைக் கேட்க வேண்டும். அப்புறம் அதே பாதையில் இருக்கும் செம்பனார்கோவில், திருக்கடையூர், பொறையாறு ஊர்களுக்கும் போக வேண்டும்.