2,569 பேர் முன்னால் ஒரு ஹாட்ரிக்

2018 ஜூன் 1 அன்று மும்பை அந்தேரி மைதானத்தில் இந்தியா சீன தைபேயை (தைவான்) 5-0 என்று வென்ற கால்பந்து ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரி மூன்று கோல் போட்டு ஹாட்ரிக் அடித்தார். பந்து உதைபடும் ஓசையும் வீரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரலும் தெளிவாகக் கேட்டன. அவற்றை அமுக்குகிற அளவுக்கு அங்கே கூட்டம் இல்லை. வந்திருந்தவர்கள் 2,569 பேர்.

மறுநாள் அவர் வெளியிட்ட காணொளியில், எங்கள் ஆட்டம் ஐரோப்பியத் தரத்தில் இல்லைதான், திட்டுவதானாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்ற பொருளில் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். ஜூன் 4 அன்று கென்யாவுடன் அவருடைய 100ஆவது சர்வதேச ஆட்டம். கொட்டுகிற மழையிலும் அரங்கு நிறைந்தது. ஜூன் 10 அன்று அதே தொடரின் இறுதியாட்டத்தில் மேலும் இரண்டு கோல் அடித்து, 64 சர்வதேச கோல்களுடன் அன்றைய நிலவரப்படி மெஸ்ஸியைச் சமன் செய்தார்.

இந்த மெஸ்ஸி ஒப்பீட்டை நான் ஒருபோதும் ரசித்ததில்லை. பிரேசிலுக்கு எதிராக அடிப்பதும் மாலத்தீவுக்கு எதிராக அடிப்பதும் ஒன்றல்ல என்பது சேத்ரிக்கே தெரியும். ஆனால் தரம் குறைவு என்பதால்தான் கூட்டம் வரவில்லை என்ற விளக்கத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. 1997 ஜூலை 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் நடந்த, இந்திய கிளப் அணிகளுக்கான ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைப் பார்க்க 1,31,000-க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். அன்று, சேத்ரிக்கு முந்தைய தலைமுறையின் நட்சத்திரமான பாய்ச்சுங் பூட்டியாவின் ஹாட்ரிக்கால் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் தன் பரம எதிரியான மோகன் பகானை 4-1 என்று வீழ்த்தியது. அவர்கள் யாரும் உலகத்தரம் தேடி வந்தவர்கள் அல்லர். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் ஊறிவந்த அணிப் பற்றுக்காக வந்தவர்கள். பூட்டியாவின் புகழ் அந்த அடித்தளத்தின் மேல் எழுந்தது.

சேத்ரியும் அந்த இரு அணிகளுக்கும் ஆடியவர்தான். ஆயினும் அவருடைய சிறந்த ஆண்டுகள், 2013இல்தான் தொடங்கப்பட்ட பெங்களூரு எஃப்சியில், மெஸ்ஸியும் ரொனால்டோவும் வாரந்தோறும் வரவேற்பறைக்கே வந்துவிடுகிற காலத்தில் கழிந்தன. பூட்டியாவுக்குப் போட்டி எதிரணியில் இருந்தது, சேத்ரிக்கோ அடுத்த சேனலில். 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு அருகே புல்லாவூரில் ஆற்றின் நடுவே மெஸ்ஸிக்கு வைத்த கட்அவுட்டைப் பார்த்து, பிரேசில் வீரர் நெய்மாரின் ரசிகர்கள் அதைவிட உயரமாக ஒன்றை வைத்தார்கள். பிறகு ரொனால்டோவும் வந்து சேர்ந்தார். இந்தியா ஆடாத உலகக் கோப்பை அது, ஆகவே குறை சொல்ல வழியில்லை. இருந்தாலும் அந்தப் படத்தில் என் கண் நான்காவது முகம் ஒன்றைத் தேடியது.

2024 ஜூன் 6 அன்று குவைத்துக்கு எதிராக, அதே சால்ட் லேக்கில், 58,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் சேத்ரி விடைபெற்றார். ஆட்டம் 0-0 என்று முடிந்தது. அவர் கோல் அடிக்கவில்லை. கண்ணீரோடு மைதானத்தைச் சுற்றி வந்தபோது கூட்டம் கலையாமல் நின்றது.