தடுப்பூசி ஆய்வில் பிஎச்.டி.: நேர்காணலுக்குப் போகுமுன்

நோயெதிர்ப்பியலில் பிஎச்.டி. என்றதும் டெல்லி தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனமும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும்தான் நினைவுக்கு வரும். வேலூர் சி.எம்.சி.யை (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) விட்டுவிடாதீர்கள், ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவாக் சொட்டுமருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை நடந்த 3 ஊர்களில் வேலூரும் ஒன்று. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கியிருந்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், 2 ஆண்டுக்குப் பின் 42,000, வாடகைப்படி தனி.

நேர்காணலில் பலர் சறுக்குவது எளிய கேள்வியில்தான்: ரத்தத்திலிருந்து லிம்போசைட், மோனோசைட் ஆகிய வெள்ளணுக்களை எப்படிப் பிரிப்பீர்கள்? ரத்தத்தைச் சம அளவு பி.பி.எஸ்.ஸில் (உப்புக் கரைசல்) கலந்து, குழாயைச் சாய்த்து, அதிலுள்ள ஃபைகால் என்னும் அடர்த்தியான திரவத்தின் மேல் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுழற்ற வேண்டும்: அறை வெப்பத்தில் 400 ஜி (புவியீர்ப்பைப் போல் 400 மடங்கு விசை), 30 நிமிடம், பிரேக் இல்லாமல். பிரேக் போட்டால் நடுவில் சேர்ந்த வெள்ளணு அடுக்கு கலைந்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஃபைகாலை ஊற்றினால் அடர்த்தி கூடி, சிவப்பணுக்கள் முழுதாக அடியில் இறங்காது. ‘ஏன்’ என்பதைச் சொல்லத் தெரிந்தால் போதும், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நெறியாளரிடம் (ஆய்வு வழிகாட்டி) நீங்களும் ஒன்று கேளுங்கள்: நெறிமுறைக் குழு அனுமதியோடு எடுத்த ரத்த மாதிரிகள் ஏற்கெனவே திரவ நைட்ரஜனில் இருக்கின்றனவா? இல்லையென்றால் அனுமதிக்கும் ஆள்சேர்ப்புக்குமே முதல் ஆண்டு போய்விடலாம்.