எடை மேடையில் ஒரு த்ரில்லர்: இரண்டு நிமிடப் படத்துக்கு அலைந்த கதை

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருடத்தில் எங்களுக்குக் கொடுத்த வேலை, கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. ஒரு த்ரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் டைட்டிலோடு எடுக்க வேண்டும். முழுப் படமும் வேண்டாம், முடிவும் வேண்டாம். கூடவே ஒரு திட்டமிடல் ஃபைல்: தொடக்கக் காட்சிகளின் ஆய்வு, பார்வையாளர் கருத்துக்கணிப்பு, லொகேஷன் ரெக்கி (ஷூட்டிங் இடத்தை முன்கூட்டியே போய்ப் பார்ப்பது), ஷாட் லிஸ்ட், ஸ்டோரிபோர்டு, ஆபத்து மதிப்பீடு, அனுமதிக் கடிதங்கள். ஷூட்டிங் பிரச்சினை இல்லாமல் முடிந்தது. எங்கள் செமஸ்டரைத் தின்றது அந்தப் பட்டியலின் கடைசி அயிட்டம்தான். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

முதலில் கதை. ராத்திரி, பைபாஸ் ஓரம், லாரி எடை போடும் மேடை. காலி லாரி ஒன்று ஏறுகிறது. டிரைவர் "காலி வண்டிதான்" என்கிறார். ஆனால் போன தடவை போட்ட எடையைவிட எழுபது கிலோ அதிகம். எடை போடுகிற ஆள் நிமிர்ந்து பார்க்கிறார். தார்ப்பாய்க்குள் யாரோ இருக்கிறார்கள். டைட்டில். எங்கள் குழுவில் எல்லோருக்கும் பிடித்தது, கைடும் தலையாட்டிவிட்டார்.

இதை அப்படியே ஸ்டோரிபோர்டு போட்டிருந்தால் பெரிய கேலிக்கூத்தாகியிருக்கும். நல்லவேளையாக, நிஜமாகவே எடை போடுகிற ஓர் அண்ணனிடம் போய்க் கதையைச் சொன்னோம். அவர் டீ டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "எழுபது கிலோவெல்லாம் ஒரு கணக்கா பாப்பா? டேங்க் ஃபுல்லா டீசல் அடிச்சிருந்தா முடிஞ்சுது. கிளீனர் இறங்காம உள்ள உக்காந்திருந்தாலும் அவ்ளோ வரும். நான் நிமிந்தே பார்க்க மாட்டேன்."

அவர் சொன்னது சரி. முன்னூறு லிட்டர் டீசல் என்றாலே சுமார் 250 கிலோ. எங்கள் மர்மம் ஒரு டேங்க் டீசலில் கரைந்துவிட்டது. முகம் வாடியதைப் பார்த்தாரோ என்னவோ, அவரே தொடர்ந்தார். "மாடு ஏத்திட்டு வர்ற வண்டின்னா மட்டும் கொஞ்சம் தொல்லை. உள்ள அசைஞ்சுக்கிட்டே இருக்கும், நம்பர் நிக்கவே நிக்காது. நம்பர் நின்னாத்தான் சீட்டு அடிக்க முடியும்."

அதற்கு மேல் கதை விவாதம் தேவைப்படவில்லை. காலி லாரி மேடையில் நிற்கிறது. என்ஜின் அணைந்துவிட்டது, டிரைவர் கீழே இறங்கிவிட்டார். ஆனால் சிவப்பு எண்கள் மட்டும் நிற்கவில்லை. 5,840, 5,900, மறுபடி 5,840. காலி வண்டிக்குள் எதுவோ அசைகிறது. எடை போடுபவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று டிரைவருக்கு இன்னும் தெரியாது. வசனமே வேண்டாம்.

துறையில் கேட்ட 'வகைமை ஆய்வு' பகுதியை இதற்கு அப்புறம்தான் உருப்படியாக எழுத முடிந்தது. மேஜைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது தெரியாமல் திடீரென்று வெடித்தால் அது அதிர்ச்சி, தெரிந்துகொண்டே காத்திருந்தால் அது சஸ்பென்ஸ் என்று ஹிட்ச்காக் பிரித்துச் சொன்னது எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. நம்மிடமே இரண்டுக்கும் உதாரணம் உண்டு, இரண்டும் எஸ். பாலசந்தர் இயக்கியவை. 1954இல் வந்த, பாட்டே இல்லாத 'அந்த நாள்' எடுத்த எடுப்பில் ஒரு துப்பாக்கிச் சூட்டோடு தொடங்கும். யார் சுட்டது என்ற கேள்விதான் மீதிப் படம். 1964இல் வந்த 'பொம்மை'யில் பொம்மைக்குள் வெடிகுண்டு இருப்பது நமக்குத் தெரியும், அதைக் கையில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது. எங்கள் இரண்டு நிமிடம் இரண்டாவது வகை. இந்த ஒரு பத்தி போதும். இருபது ஹாலிவுட் படத்தின் பெயரை அடுக்கி ஃபைலைக் கனமாக்க வேண்டியதில்லை.

கருத்துக்கணிப்பைப் பற்றி ஒரே வரி: "த்ரில்லரில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று கூகுள் ஃபார்ம் அனுப்பினால் ஹாஸ்டல் முழுக்க "ட்விஸ்ட்" என்றுதான் எழுதும். அதற்குப் பதிலாக, போனில் எடுத்த டெஸ்ட் வீடியோவைச் சத்தமில்லாமல் போட்டுக் காட்டி, "இப்போ என்ன நடக்கும்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். அந்தப் பதில்களை வைத்துத்தான் ஷாட் வரிசையையே மாற்றினோம்.

சரி, அனுமதிக்கு வருகிறேன்.

எங்களுக்குப் பிடித்த எடை மேடை ஓர் அரசு வளாகத்துக்குள் இருந்தது. எந்த ஊர், எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. பெரிய வேப்பமரம், தகரக் கொட்டகை, ராத்திரியில் ஆள் நடமாட்டமே இல்லை. கேமரா வைத்த இடமெல்லாம் ஃப்ரேம். துறைத்தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு போனோம்.

இருக்கையில் இருந்தவர் கடிதத்தை வாங்கி, படிக்காமலே மேல் மூலையைப் பார்த்தார். "நம்பர் எங்கம்மா?" கடித எண் இல்லை. எங்கள் டிபார்ட்மென்ட் ஆபீசில் அப்படியொரு வழக்கமே இல்லையாம். எண் போட்டுக்கொண்டு போனால், "ஹெச்.ஓ.டி. போட்டா செல்லாது, பிரின்சிபால் போடணும்." அதை முதல் தடவையே சொல்லியிருக்கலாம். பிரின்சிபால் கையெழுத்தோடு போனால், "இது எங்களுக்கு எழுதக்கூடாது, மாவட்ட ஆபீசுக்கு எழுதி, எங்களுக்கு நகல் போடணும்." ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு குறைதான் சொல்வார். மொத்தமும் ஒரே நாளில் சொன்னால் அவருக்கு என்ன நஷ்டம் என்று இன்றுவரை புரியவில்லை.

மாவட்ட அலுவலகத்தில் முழு ஸ்கிரிப்ட் கேட்டார்கள். கொடுத்தோம். அங்கிருந்த மேடம் நிஜமாகவே உட்கார்ந்து படித்தார். "ஏம்மா, அரசாங்க இடத்துல ஆளைக் கடத்துற மாதிரி காட்டுறீங்களே, நாளைக்குத் துறைக்குக் கெட்ட பேர் வராதா?" நியாயமான கேள்வி. பெயர்ப் பலகை எதுவும் ஃப்ரேமில் வராது என்று எழுதிக் கொடுத்தோம். ஒத்துக்கொண்டார். அப்புறம்தான் அந்த வார்த்தை வந்தது: "போலீஸ்ல தடையில்லாச் சான்று வாங்கிட்டு வந்துடுங்க."

ஸ்டேஷனில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். இடத்துக்காரர்கள் அனுமதி கொடுத்த கடிதம் இருந்தால்தான் பேசவே முடியும். அவர் இவரைக் கைகாட்ட, இவர் அவரைக் கைகாட்ட, நாங்கள் நடுவில் ஜெராக்ஸ் கடைக்குச் சம்பாதித்துக் கொடுத்தோம்.

இதை உடைத்தது ஸ்டேஷன் ரைட்டர் சொன்ன ஒரு யோசனை. 'பொருள்' என்ற இடத்தில் "அனுமதி கோருதல்" என்று எழுதியிருந்ததைக் காட்டி, "இதை 'தகவல் தெரிவித்தல்'னு மாத்தி எழுதிட்டு வாங்கம்மா" என்றார். அனுமதி கேட்டால் அவர்கள் முடிவெடுக்க வேண்டும், தகவல் சொன்னால் பெற்றுக்கொண்டால் போதும். இரண்டு பிரதியாக எழுதிப் போனோம். ஒன்றில் தேதியோடு சீல் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அதை மேடத்திடம் காட்டியபோது அவரும் மறுப்புச் சொல்லவில்லை. அடுத்த பேட்ச்காரர்கள் இந்தப் பத்தியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டாலும் போதும். எந்த ஆபீசில் எதைக் கொடுத்தாலும் இன்னொரு பிரதியில் சீல் வாங்காமல் படியிறங்காதீர்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி முகாமில் இருந்தார். முகாம் முடிந்தால் மீட்டிங். மீட்டிங் முடிந்தால் ஃபைல் "மேலே போயிருக்கு". மேலே என்றால் எங்கே என்று கேட்டால் எல்லோரும் மாடிப்படியைப் பார்த்தார்கள். சமர்ப்பிக்க வேண்டிய தேதி நெருங்கியதும் அந்த வேப்பமரத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மாடு கதை சொன்ன அண்ணனிடமே போனோம்.

அவர் வேலை பார்ப்பது தனியார் மேடை. ஓனரிடம் போனில் பேசி வைத்தார். ஓனர் இரண்டே கேள்வி கேட்டார்: "வர்ற லோடுக்குத் தடங்கல் வராதே? மேடை மேல ஜெனரேட்டர் கினரேட்டர் ஏத்த மாட்டீங்களே?" அவ்வளவுதான். லாரி, வகுப்புத் தோழன் ஒருவனின் மாமாவுடையது. டீசலும் டிரைவருக்கு ராத்திரிச் சாப்பாடும் எங்கள் செலவு. துறை ஃபைலுக்காக ஓனரிடம் ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்தும், கடை ரப்பர் ஸ்டாம்பும் வாங்கிக்கொண்டோம்.

பெண்களுக்கு இன்னொரு அனுமதி உண்டு, அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஹாஸ்டல் வார்டன். ராத்திரி ஷூட் என்றதும் அப்பாவிடம் போனில் பேச வேண்டும், கைடு கூட வர வேண்டும், கைடு ஆண் என்றால் ஒரு மேடமும் வர வேண்டும். அதே குழுவில் இருந்த பையன்கள் பர்மிஷனே கேட்காமல் பைக்கில் போய்விட்டார்கள். இதைத் திட்டத்தின் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள், கடைசி வாரத்தில் வார்டனிடம் போனால் கதை கந்தல்.

ரெக்கியைப் பற்றி. பகலில் போய்ப் போட்டோ எடுப்பது ரெக்கி ஆகாது. நீங்கள் ஷூட் செய்யப்போகும் அதே நேரத்துக்குப் போங்கள், வீடியோ எடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப் லைட் நொடிக்கு நூறு தடவை மினுங்கும். போன் தன் இஷ்டத்துக்கு நொடிக்கு 30 ஃப்ரேம், 1/60 நொடி ஷட்டர் என்று வைத்துக்கொண்டால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். 25 ஃப்ரேம், 1/50 என்று பூட்டி வைத்தால் போய்விடும். எங்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி அந்தச் சிவப்பு எண் பலகை. அதில் எல்லா எண்களும் ஒரே நேரத்தில் எரிவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக எரிந்து அணைகின்றன. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் 8 என்பது பாதி 8 ஆகத்தான் பதிவாகிறது. படத்தின் நாயகனே அந்த எண்தான். ரெக்கியில் பார்த்திருக்காவிட்டால் எடிட்டிங் டேபிளில் அழுதிருப்போம்.

வெளிச்சமும் ஏமாற்றியது. ரெக்கி போனபோது ரோட்டில் மஞ்சள் சோடியம் விளக்கு. ஷூட்டிங் நாளில் போய் நின்றால் பளீர் வெள்ளை எல்.இ.டி. நடுவில் மாற்றிவிட்டிருக்கிறார்கள். ஸ்டோரிபோர்டில் மஞ்சள் கலர் பென்சிலால் தீட்டியதெல்லாம் வீண். ஃபைலில் அதைத் திருத்தவில்லை. பழைய படத்துக்குப் பக்கத்திலேயே புது ஸ்டில்லை ஒட்டி, காரணத்தையும் எழுதிவிட்டோம்.

எண் ஏறி இறங்குவதற்கு கிராஃபிக்ஸ் எதுவும் கிடையாது. ஒருவன் ஃப்ரேமுக்கு வெளியே மேடையின் ஓரத்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தான். அவன் எடை சரியாக அந்த அறுபது கிலோ. இசையும் போடவில்லை. சினிமா பி.ஜி.எம். எதையாவது வைத்தால் யூடியூபில் உரிமைப் பிரச்சினை வரும் என்பது ஒருபக்கம், அந்த இடத்தில் பிரின்டர் சீட்டு அடிக்கும் சத்தத்தைவிடப் பயமுறுத்துவது எதுவும் இல்லை என்பது இன்னொரு பக்கம். ஆள் பேசாமல் அந்த இடத்தின் சும்மா சத்தத்தையும் ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கடைசி அடி டைட்டிலில் விழுந்தது. எடிட்டிங் சாஃப்ட்வேரான அடோபி பிரீமியரில் தமிழில் அடித்தால் கொம்பும் காலும் பிரிந்து, நடுவில் புள்ளி வட்டம் வந்து நிற்கும். எங்கள் படத்தின் பெயர் 'பொதி'. முதல் எழுத்தே போச்சு. யூனிகோடை விட்டுவிட்டுப் பழைய ஃபான்ட்டுக்குப் போகச் சொல்லி நாலு பேர் சொன்னார்கள். வேண்டாம். பிரிஃபரன்ஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் என்ஜினை தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றிவிட்டு, சாஃப்ட்வேரை மூடித் திறந்தால் எழுத்து ஒழுங்காக உட்கார்ந்துவிடும். முக்தா மலர், கட்டமரான் இரண்டும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய தமிழ் ஃபான்ட்டுகள்.

வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர், ஃபைலில் ஒட்டியிருந்த நிஜ எடைச் சீட்டைப் பார்த்துவிட்டு கிராஸ், டேர், நெட் என்றால் என்ன என்று கேட்டார். எடை போடுகிற அண்ணன் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன்: கிராஸ் என்றால் லோடோடு வண்டியின் எடை, டேர் என்றால் காலி வண்டியின் எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நெட். மார்க் நன்றாகவே வந்தது.

அந்த அரசு வளாகத்திலிருந்து நேற்று போன். அனுமதி ஆகிவிட்டதாம், பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். படம் எடுத்தாயிற்று என்று சொல்ல மனம் வரவில்லை, ஜூனியர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வேப்பமரம் அருமையான லொகேஷன். யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், ஃபைல் நம்பர் என்னிடம் இருக்கிறது.