திடம் என்று திருத்தினேன்

“சார், இது பெயர்ச்சொல்லா இருக்குமோ?” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். “ஸ்டர்டி எப்பம்மா பெயர்ச்சொல் ஆச்சு?” என்று சிரித்தேன். “சரி சார்” என்றார். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. அந்தச் ‘சரி சார்’ இன்னும் காதில் இருக்கிறது.

ஆடு வளர்ப்புக் கையேடு ஒன்றின் தமிழாக்கம் அது. ‘ஸ்டர்டி’ (sturdy) இளம் ஆடுகளிடம் அதிகம் காணப்படும் என்று ஆங்கில மூலத்தில் ஒரு வரி. அவர் ‘தலைச்சுற்று நோய்’ என்று எழுதி, ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தார். நான் அடித்துவிட்டு ‘திடம்’ என்று எழுதினேன். கேள்விக்குறியையும் அழித்தேன். “திடம் இளம் ஆடுகளிடமே அதிகம் காணப்படும்” என்று அச்சாகிவிட்டது. படித்தால் ஒரு குறையும் தெரியாது, அதுதான் வினை.

நான் வேறென்ன செய்திருக்க முடியும்? முந்தைய பத்தி முழுக்கக் கால் வலு, எலும்புக் கட்டு என்றுதான் போனது. அகராதியில் எனக்கு வேண்டிய, ‘வலுவான’ என்ற முதல் பொருளோடு நிறுத்திக்கொண்டேன். அவர் கீழே வரைக்கும் படித்திருக்கிறார்.

கால்நடை மருத்துவர் ஒருவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை மேய்ச்சல் வழியாக ஆட்டுக்குள் போய், மூளையில் நீர்க்கட்டியாக வளரும். ஆடு தடுமாறும், நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். அதற்குப் பெயர் ஸ்டர்டி. வலுவான ஆட்டுக்கும் அதே சொல்.

அப்புறம்தான் தேடினேன். பழைய பிரெஞ்சில் ‘எஸ்டூர்டி’ என்றால் தலை கிறுகிறுத்தவன், நிதானம் இல்லாதவன். 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அடங்காத, முரட்டுத்தனமான என்ற பொருள். உறுதியான என்பது பிற்பாடு ஒட்டிக்கொண்டது. இன்றைய பிரெஞ்சில் ‘எத்தூர்தி’ கவனக்குறைவானவரைக் குறிக்கும் (என்னைச் சொன்னது போலவே இருந்தது). இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டில், உடம்பில் தெம்பிருந்தும் பிச்சையெடுத்தவர்களை ‘ஸ்டர்டி பெக்கர்ஸ்’ என்று வைது, சட்டம் போட்டுச் சாட்டையால் அடித்தார்கள். அங்கே வலுவே குற்றம். நம் ‘முரட்டு’ என்ற சொல்லும் இப்படித்தானே? முரட்டு ஆள் என்றால் ஒதுங்கிப் போகிறோம், முரட்டுத் துணி என்றால் நாள்பட உழைக்கும் என்று வாங்குகிறோம்.

இவ்வளவும் தெரிந்திருந்தால் அன்று அடித்திருக்க மாட்டேனா? அடித்திருப்பேன் என்றே தோன்றுகிறது. எனக்குச் சொல் தெரியாதது ஒரு பக்கம். சின்னப் பெண் ஒருத்தி எனக்குத் தெரியாததைக் கண்டுபிடித்திருக்கக்கூடும் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை, அது இன்னொரு பக்கம். ஆனால் ஒவ்வொரு கேள்விக்குறிக்கும் நின்றால் புத்தகம் எப்போது அச்சுக்குப் போகும்?

தவறைச் சொன்னபோது, “பரவாயில்லை சார், அடுத்த பதிப்பில் மாத்திக்கலாம்” என்றார். அடுத்த பதிப்பு இன்னும் வரவில்லை.

இப்போதும் அவருடைய பிரதிகளை நான்தான் திருத்துகிறேன். ஓரங்களில் பென்சில் குறி எதுவும் இருப்பதில்லை. சந்தேகமே வருவதில்லையா, கேட்பதை விட்டுவிட்டாரா, தெரியவில்லை. கேட்கலாம்தான்.