சைக்கியாட்ரி ஆஸ்கி: தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கும் ஸ்டேஷன்

ரொனால்ட் ஹார்டனும் சகாக்களும் 1975-ல் ஆஸ்கி (OSCE) என்ற மருத்துவச் செய்முறைத் தேர்வு முறையை வெளியிட்டதன் நோக்கம், எல்லா மாணவரையும் ஒரே அளவுகோலால் அளப்பது. மனநல ஸ்டேஷனில், அதாவது நோயாளியோடு பேசிக் காட்டும் தேர்வுக் கட்டத்தில், அந்த அளவுகோலை மனதில் ஓட்டிக்கொண்டே பேசுவதுதான் மாணவர்களைக் கவிழ்க்கிறது. "ராத்திரியெல்லாம் அழுகைதான்" என்று நோயாளி சொல்லி முடிப்பதற்குள் "பசி எப்படி இருக்கு?" என்று தாவுகிறார்கள். கேள்வி சரிதான், கேட்ட இடம் தப்பு. அழுகையைப் பற்றி ஒரு வாக்கியம் பேசிவிட்டுப் பசிக்கு வரலாம்.

10 நிமிடம் கிடைத்தால் முதல் 2 நிமிடம் அவரைப் பேச விடுங்கள். பிறகு படிப்படியாக இறங்குங்கள்: "வாழ்ந்து என்ன பயன்னு தோணுதா?", "உயிரை விட்டுடலாம்னு நினைச்சீங்களா?", "எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா?" அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா, குடிப்பழக்கம் உண்டா, இதுவரை அவரைத் தடுத்து நிறுத்தியது எது என்பவையும் வேண்டும். கடைசிக் கேள்வியைத்தான் பலர் மறக்கிறார்கள்.

"தப்பான எண்ணம் ஏதாவது வருதா?" என்று மழுப்பினால் "இல்லை" என்றே பதில் வரும். "அப்படியெல்லாம் நினைக்கலைதானே?" என்பது அதைவிட மோசம், இல்லை என்று சொல்லச் சொல்லிக்கொடுப்பது அது. நேரடியாகக் கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பயப்பட வேண்டாம், அப்படி நடப்பதில்லை. "ஆமா" என்று அவர் சொன்னதும் "கவலைப்படாதீங்க" என்று மூடிவிடாதீர்கள், அப்போதுதான் பேச்சே தொடங்குகிறது. "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. காப்பாற்ற முடியாத வாக்கு அது.

ஆளில்லாதபோது குரல் கேட்கிறது என்றால் அதோடு விடாதீர்கள். அது என்ன சொல்கிறது, கட்டளையிடுகிறதா, மீற முடிகிறதா? சாகச் சொல்லும் குரல் அபாயத்தின் கணக்கையே மாற்றிவிடும்.

எக்ஸாமினரிடம் சொல்லும்போது மூட் (மனநிலை) என்பது நோயாளியின் வாய்மொழி, அஃபெக்ட் (வெளியே தெரியும் உணர்ச்சி) என்பது நீங்கள் பார்த்தது. "இன்சைட் (தன் நோய் பற்றிய புரிதல்) இல்லை" என்று ஒரே சொல்லில் முடிக்காமல், நோய் என்று ஏற்கிறாரா, எதனால் வந்தது என்கிறார், சிகிச்சைக்குச் சம்மதிக்கிறாரா என்று பிரித்துச் சொல்லுங்கள். அபாயம் அதிகம் என்றால் அடுத்து செய்வதையும் சொல்லுங்கள்: தனியே விடாமல் ஒருவர் உடனிருப்பது, ஆபத்தான பொருட்களை அகற்றுவது, மூத்த மருத்துவருக்கு உடனே தெரிவிப்பது.