நைட் ஷிப்ட் ஆட்கள் சோம்பேறிகள் இல்லை

நான் பேக்கிங் லைன் சூப்பர்வைசர். இந்த வேலைக்கு வந்த புதிதில் என் காதில் விழுந்ததெல்லாம் ஒரே பேச்சுதான்: "நைட் ஷிப்ட் டீம் சரியில்லை, டார்கெட் முடிக்கவே மாட்டார்கள்." எனக்கு முன்னால் இருந்தவர்கள் திட்டிப் பார்த்தார்கள், ஆளை மாற்றிப் பார்த்தார்கள். எண்ணிக்கை அசையவில்லை.

சில இரவுகள் லைன் பக்கத்திலேயே நின்றேன். லேபிள் ரோல் தீர்ந்தால் ஸ்டோரில் இருந்து எடுத்து வர வேண்டும். ஸ்டோர் கீப்பருக்கோ பகல் வேலைதான். இரவில் சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும். அவர் ரவுண்ட்ஸ் போயிருந்தால் ஒருவர் தேடிக்கொண்டு ஓட வேண்டும். அதுவரை லைன் நிற்கும். அந்த நேரம் பார்த்து எட்டிப் பார்க்கிற மேனேஜர் கண்ணுக்கு மற்றவர்கள் வேலை செய்யாமல் நிற்கிற ஆட்கள்! இரவுக்கு வேண்டிய ரோல்களை முன்கூட்டியே எடுத்து லைன் ஓரத்து ரேக்கில் அடுக்கினோம். அதே ஆட்கள்தான், பகல் ஷிப்டுக்குச் சமமாக வந்துவிட்டார்கள்.

தர மேலாண்மை நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் தன் வகுப்புகளில் ஒரு சோதனை நடத்துவார். பெட்டி நிறைய வெள்ளை மணிகள், அவற்றோடு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு மணிகள். 50 குழிகள் உள்ள பலகையை உள்ளே விட்டு வெள்ளையை மட்டும் எடுக்கச் சொல்வார். குறைவாகச் சிவப்பு வந்தவருக்குப் பாராட்டு, அதிகம் வந்தவருக்குத் திட்டு. அடுத்த சுற்றில் இருவர் நிலையும் மாறிவிடலாம். சராசரி மட்டும் பத்தை ஒட்டியே நிற்கும். மணிகளைக் கலந்து வைத்தது நிர்வாகம், திட்டு வாங்குவது பலகை பிடித்தவர். 'மாதத்தின் சிறந்த ஊழியர்' பட்டியலை நான் எதிர்ப்பது இதனால்தான்.

ஆனால் சாவி விஷயத்தை ஏன் யாரும் சொல்லவில்லை? கேட்டேன். "சொன்னோம் மேடம். சாக்கு சொல்லாதேன்னுட்டாங்க."

இது எனக்கு ரோலை விடப் பெரிய விஷயமாகப் பட்டது. நிர்வாகவியல் ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பது அவர் கண்ட விளக்கம். வாய் திறந்தால் சாக்கு என்று முத்திரை குத்துகிற இடத்தில் எந்தத் தலைவருக்கும் உண்மை நிலவரம் தெரியாது.

இப்போது ஷிப்ட் மாறும்போது நான் முதலில் கேட்பது, "இன்றைக்கு எதற்காகக் காத்திருந்தீர்கள்?" அப்புறம்தான் எண்ணிக்கை. சமீபத்தில் வந்த பதில் டேப் மெஷின் பிளேடு. புதிது வாங்க எழுதிக் கொடுத்துவிட்டேன், மேலே இன்னும் கையெழுத்தாகவில்லை. திங்கட்கிழமை போய் மறுபடி கேட்பேன்.